தஞ்சாவூர்த் தூரிகைக்குள் கடல் வந்த கதை

தஞ்சாவூர் கடற்கரை ஊர் இல்லை. பெரிய கோயில் பக்கமிருந்து கிளம்பி, நீடாமங்கலம், திருவாரூர் என்று வயலும் வாய்க்காலுமாகக் கடந்து, நாகப்பட்டினத்து அலையைப் பார்க்க எண்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். நாற்றங்காலையும் களத்துமேட்டையும் பார்த்தே பழகிய கண் இந்த ஊருக்கு. கடல் இங்கே கூடைக்காரியின் தலையில் கருவாடாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் புயலாக வரும். மற்றபடி அது வேறு உலகம்.

இந்த ஊரின் ஓவியர்கள்தான் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு சீமைக் காகிதத்தை விரித்து நெய்தல் நிலத்து மனிதரை எழுதினார்கள். தோளில் வலையோடு ஓர் ஆண், அவர் பக்கத்தில் மீன்கூடையோடு மனைவி. தென்னாட்டு ஓவியர்கள் அந்தக் காலத்தில் எழுதிய இத்தகைய ஏடுகள் சிலவற்றில் கட்டுமரமும் உண்டு, காலடியில் ஒரு கீற்று நீலமும் உண்டு. அந்த நீலக் கீற்று தஞ்சாவூர்த் தூரிகைக்குள் எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் அந்தத் தூரிகை என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிய வேண்டும். இன்று உலகம் தஞ்சாவூர் ஓவியம் என்று சொல்வதை ஊருக்குள் பலகைப் படம் என்பார்கள். பலாப் பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புப் பொடியைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துப் பூசி, தேய்த்து வழவழப்பாக்கி, நகையும் திருவாசியும் வருகிற இடங்களை மேடாக்கி, கல் பதித்து, தங்க ரேக் ஒட்டுவார்கள். தவழும் கிருஷ்ணனும் பட்டாபிஷேக ராமனும் அதில் நம்மை நேருக்கு நேர் பார்ப்பார்கள். அந்தப் படங்களுக்கு வெளிச்சம் வெயிலிலிருந்து வருவதில்லை, தங்கத்திலிருந்து வருகிறது. பூஜையறையில் ஒற்றை விளக்கின் முன்னால் பார்த்தால் இது புரியும். அந்தப் படங்களிலும் தண்ணீர் உண்டு. பாற்கடலில் பெருமாள் பள்ளிகொண்டிருப்பார், ஆலிலையில் குழந்தை மிதக்கும். ஆனால் அந்தக் கடலுக்குக் கரை கிடையாது. கரை இல்லாத இடத்தில் படகை எங்கே இழுத்துப் போடுவது?

மீனவரைச் சோழநாட்டுக் கலை அறியாமல் இல்லை. நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பிறந்த அதிபத்தர் அறுபத்து மூவரில் ஒருவர். நாள்தோறும் வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விடுபவர். பல நாள் ஒற்றை மீனே கிடைத்துக் குடும்பம் பசித்துக் கிடந்தபோதும் அதை விட்டவர், கடைசியில் கிடைத்த பொன்மீனையும் விட்டார். சேக்கிழார் அவர் கதையைப் பாடிய அதே 12ஆம் நூற்றாண்டில், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் அடிப்பகுதியில் நாயன்மார் வரிசையைச் சிறு அளவில் கல்லில் செதுக்கினார்கள். அதில் அதிபத்தரும் இருக்கிறார். குனிந்து உட்கார்ந்துதான் அந்தச் சிற்பங்களைப் பார்க்க முடியும். ஆனால் அங்கே அவர் அடியவர். மீன் பிடிப்பது அவர் பக்திக்கு வந்த சோதனைக்களம். வலை எப்படிப்பட்டது, மரம் எத்தனை என்று கல் நமக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மீனவரை மீனவராகவே, அவர் தொழிலுக்காகவே எழுதிய படம் வேறொரு வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

அந்த வழி படையெடுப்பில் தொடங்குகிறது. 1773இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கிழக்கிந்தியக் கும்பினியின் படை தஞ்சாவூரைப் பிடித்தது. மராத்திய மன்னர் துளஜா 1776இல் திரும்ப அரியணை ஏறினார். ஆனால் கும்பினியின் துருப்பும் அதிகாரிகளும் ஊரில் நிலைகொண்டார்கள். இங்கிலாந்திலிருந்து ஆறு மாதம் கப்பலில் வந்த அந்த மனிதர்களுக்குத் தாங்கள் பார்த்ததை ஊருக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கேமரா பிறக்க இன்னும் அறுபது ஆண்டு இருந்தது. ஊர்த் தெருக்களில் ஓவியர்கள் இருந்தார்கள். நாயக்கர் காலத்திலிருந்தே இங்கே குடியிருந்த, வீட்டில் தெலுங்கு பேசிய ராஜுக்கள். கும்பினியார் அவர்களை மூச்சிகள் என்று எழுதிவைத்தார்கள். சுவாமி படம் எழுதும் கையால் எங்களுக்குத் தச்சனையும் குயவனையும் தாசியையும் சிப்பாயையும் எழுதித் தருவாயா என்று கேட்டார்கள். ஓவியர்களும் எழுதித் தந்தார்கள்.

இப்படித்தான் கும்பினி ஓவியத்தின் தஞ்சாவூர்க் கிளை பிறந்தது. பலகை போய்க் காகிதம் வந்தது. தங்க ரேக் போய் நீர்வண்ணம் வந்தது. கல் பதிப்பதற்கு ஒன்றுமில்லை. ஓர் ஏட்டுக்கு ஒரு தம்பதி என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஆணும் பெண்ணும் தத்தம் தொழில் கருவியோடு நிற்பார்கள். கீழே தமிழிலோ தெலுங்கிலோ இன்னார் என்று எழுத்து, சில வேளை ஆங்கிலத்திலும். பல ஏடுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பாகக் கட்டி விற்றார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெருகியது. 1837இல் மதுரையில் தயாரான எழுபத்திரண்டு சாதியாரின் தொகுப்பு ஒன்று இன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

இந்த ஏடுகளில் பலவற்றில் ஓவியர் ஆண்டு போடவில்லை. காகிதம் போட்டுக்கொடுத்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வாட்மன் என்ற ஆலையின் பெயரும் ஆண்டும் நீர்க்குறியாகத் தெரியும். 1794க்குப் பிறகு இங்கிலாந்துக் காகித ஆலைகள் ஆண்டை அச்சில் பொறிக்கத் தொடங்கியதால், ஏடு அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது என்றாவது சொல்ல முடிகிறது. இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்தில் கந்தல் துணியை அரைத்துச் செய்த தாளில் நம் வாடைக்காற்றுக் கரை மனிதர் நிற்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கும்பினியோடு செய்த 1799 உடன்படிக்கையில் மன்னர் இரண்டாம் சரபோஜிக்குக் கோட்டையும் சுற்றுப்புறமும் மிஞ்சின. மற்ற நாடு முழுவதும், கடற்கரையும் சேர்த்து, கும்பினிக்குப் போனது. புதிய தஞ்சாவூர் ஜில்லாவின் தலைமையிடம் நாகப்பட்டினமாக இருந்தது. கலெக்டர் கச்சேரி அலைச்சத்தத்துக்குப் பக்கத்தில் நடந்தது. கொஞ்சம் வடக்கே காரைக்காலில் பிரெஞ்சுக்காரர், அதற்கும் வடக்கே தரங்கம்பாடியில் டேனியர். தரங்கம்பாடியை 1780களின் கடைசியிலிருந்து 1806 வரை ஆண்ட ஆளுநர் பீட்டர் ஆங்கர் என்ற நார்வேக்காரர் தாமே நீர்வண்ண ஓவியர். அவர் இங்கே வரைந்தவை இன்று ஆஸ்லோவில் இருக்கின்றன. ஆகவே கடலைப் படமாக்கிப் பார்க்கும் பழக்கமுள்ள வெள்ளைக்காரர்கள் காவிரி டெல்டாவின் ஓரமெங்கும் உட்கார்ந்திருந்தார்கள். தஞ்சாவூர் ஓவியருக்குக் கடல் ஒரு வாடிக்கையாளர் வழியாக வந்தது.

வாடிக்கையாளர் கேட்டதால் மட்டும் வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சரபோஜியின் அரண்மனை இன்னொரு பக்கம் அதே ஓவியர் மரபுக்கு வேறொரு பாடம் நடத்திக்கொண்டிருந்தது. பறவையையும் விலங்கையும் உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னவர் சரபோஜி. கும்பினியின் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு அவர் கொடுத்த அத்தகைய சித்திரங்கள் லண்டனில் பாதுகாக்கப்படுகின்றன. கண் நோயாளிகளின் கண்ணைப் படமாக எழுதி, நோய்க்குறிப்போடு சேர்த்துவைத்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அவர் காசிக்குப் போய்வந்தபின் காசிப் படித்துறைகளும் படமாயின. தரங்கம்பாடியிலிருந்த ஜான் என்ற பாதிரியார் இந்தக் கரையின் மீன்களைச் சேகரித்து பெர்லினிலிருந்த ப்ளாக் என்ற மீனியல் அறிஞருக்கு அனுப்பினார். ப்ளாக் 1793இல் ஒரு மீனினத்துக்கு ஜோனியஸ் என்றே பெயர் வைத்தார். நாம் கத்தாளை என்று குழம்பு வைக்கும் வகை அது. எதையும் உற்றுப் பார்த்துக் குறித்துவைக்கும் காற்று அப்போது இந்தப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. கண்ணின் புரையைப் புரையாகவே எழுதக் கற்ற மரபு, வலையின் கண்ணையும் வலையின் கண்ணாகவே எழுதும்.

இனி ஏட்டுக்கு வருவோம். நான் பார்த்தவை எல்லாம் அச்சில் வந்த நகல்களும் கணினித் திரையில் வந்தவையும்தான். ஆனாலும் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

முதலில் கண்ணில் படுவது உருவத்தின் அளவு. ஏட்டின் மேலிருந்து கீழ் வரை மனிதர்தான் நிற்கிறார். வானம் என்றால் மேலே கொஞ்சம் நீலம், அது இறங்க இறங்க வெளுத்துக் காகிதமாகிவிடும். தரை என்றால் காலடியில் ஒரு பட்டை. கடல் வந்தால் அதுவும் ஒரு பட்டைதான். இதே காலத்தில் உலகத்தின் மற்ற மூலைகளில் மீன்படகுகளை எழுதியவர்களை நினைத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் டர்னர் 1796இல் காட்சிக்கு வைத்த முதல் எண்ணெய் வண்ணப் படமே நிலவொளியில் தத்தளிக்கும் மீனவர் படம்தான். ஜப்பானில் ஹொக்குசாய் 1831 வாக்கில் எழுதிய பேரலையின் அடியில் மீன் கொண்டுபோகும் படகுகள் மூன்று ஒடுங்கிக் கிடக்கின்றன. இருவர் படத்திலும் கடல்தான் தலைவன். மனிதன் துரும்பு. தஞ்சாவூர் ஓவியர் அதைத் தலைகீழாக்குகிறார். கடல் சிறியது, மனிதன் பெரியவன்.

ஐரோப்பிய இலக்கணம் தெரியாததால் வந்த குறை இது என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலகைப் படத்தில் மூலவரை நடுவே பெரிதாக நிறுத்தி மற்றவற்றைச் சிறிதாக்கிய அதே கை, அதே முறைப்படி மீனவரை நடுவே நிறுத்துகிறது. தெய்வத்துக்கு வைத்திருந்த இடத்தில் வலைக்காரர் வந்து நிற்கிறார். அவருக்குத் திருவாசி இல்லை, தோளில் வலை இருக்கிறது. அந்த ஓவியர் இதை நினைத்துச் செய்தாரா, கை பழக்கத்தில் வந்ததா என்பது முக்கியமில்லை. படம் அப்படித்தான் நிற்கிறது.

அடுத்தது முடிச்சு. கட்டுமரம் எழுதப்பட்ட இடங்களில் மரத்துக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள கோடும், அவற்றைச் சேர்த்துக் கட்டிய கயிறும்தான் நான் முதலில் தேடுவது. கட்டுமரத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அதற்கு ஆணி இல்லை, கூடு இல்லை. லேசான மரத்துண்டுகளை மூன்று முதல் ஏழு வரை, நடுமரம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி சேர்த்து, அணியத்திலும் பின்னாலும் கயிற்றால் இறுக்குவார்கள். அலை அதன்மேல் ஏறினால் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். உள்ளே தண்ணீர் தங்க இடமே இல்லாத கலம் எப்படி மூழ்கும்? கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக வெயிலில் காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், கனத்த மரம் ஓடாது. சோழமண்டலக் கரையில் துறைமுகமே இல்லாத இடத்தில், மூன்று அலைவரிசை உடையும் கரையிலிருந்து நேரே கடலுக்குள் இறங்குவதற்காக வடித்தெடுத்த அறிவு இது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697இல் வந்த தன் புத்தகத்தில் இந்தச் சொல்லை எழுதினார். சொல் பிறகு உலகத்து மொழிகளுக்குப் போனது. அங்கே அது இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. கட்டு என்பதும் போயிற்று, மரம் என்பதும் போயிற்று.

தஞ்சாவூர்க் கரைக்கென்றே ஒரு கட்டுமரம் இருந்தது. கோலா மரம் என்று பெயர். சித்திரை, வைகாசி கழிந்த பருவத்தில் பறவைக்கோலா மீன் பிடிக்க, கண்ணுக்குக் கரை மறையும் தூரத்துக்கு, நாள்கணக்கில் போய்வருவதற்கான பெரிய மரம் அது. இலைதழைகளைக் கட்டி மிதக்கவிட்டால் முட்டையிடக் கோலா கூட்டமாக வரும். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கரையின் கலங்களை ஊர் ஊராக எழுதிவைத்தார். கோடியக்கரையைச் சுற்றி மேற்கே வந்தால் கடல் அமைதியாகிவிடும். அங்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் மூன்று பாய்மரம் கட்டிய பலகைப் படகுகள் ஓடின. காற்று சாய்க்கும்போது படகுக்குக் குறுக்கே நீட்டிய பலகையில் ஆட்கள் வெளியே போய் உட்கார்ந்து தங்கள் உடல் கனத்தாலேயே படகை நிமிர்த்துவார்கள். அந்தப் பக்கத்துக் கரையில், சேதுபாவாசத்திரம் அருகே, சரபோஜி 1814, 1815 வாக்கில் மனோரா கோபுரத்தைக் கட்டினார். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்கான நினைவு அது. அறுகோண அடுக்குகளில் ஏறி நின்று அந்த மன்னரும் இந்தப் பாய்களைப் பார்த்திருப்பார்.

இந்த ஏடுகளின் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மீனவர் தம்பதிக்கு முகம் இருக்கிறது, நகை இருக்கிறது, சேலைக்கட்டு இருக்கிறது. பெயர் இல்லை. தொகுப்பு கட்டியவருக்கு அவர்கள் ஒரு சாதியின் மாதிரி, அவ்வளவுதான். கடலுக்குப் போகும் பட்டினவர் வேறு, ஆற்றிலும் ஏரியிலும் வலைவீசும் செம்படவர் வேறு என்பதுகூட எல்லா இடத்திலும் பிரித்துச் சொல்லப்படவில்லை. எழுதியவருக்கும் பெயர் இல்லை. ஹொக்குசாய் பெயரை உலகம் சொல்கிறது. அதே பத்தாண்டில் தஞ்சாவூர்க் கீழராஜவீதியிலோ மேலராஜவீதியிலோ உட்கார்ந்து அணில்முடித் தூரிகையால் வலைக்கண்ணை ஒவ்வொன்றாக இழுத்தவரின் பெயரை யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை. ஆள்வதற்காக மக்களைப் பட்டியல் போட்ட ஒரு காலத்தின் குழந்தை இந்த ஏடு. அதை மறைத்துவிட்டு இதன் அழகைப் பேச எனக்கு மனம் வரவில்லை. அழகும் அதற்குள்ளேயே இருக்கிறது என்பதையும் விடமுடியவில்லை.

இந்த வகை நெடுங்காலம் வாழவில்லை. திருச்சிராப்பள்ளியில் அது அப்பிரகத் தகட்டுக்கு இடம் மாறியது. மெல்லிய கண்ணாடி போன்ற அந்தத் தகடுகளில் தொழிலாளர் உருவங்களைச் சிறிதாக எழுதிப் பெட்டியில் அடுக்கி விற்றார்கள். உருவம் குறுகியது, வேலையும் விரைவானது. 1855இல் தஞ்சாவூர் மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறக்க, அந்த அரசு முடிந்தது. ஓவியரைத் தாங்கிய அரண்மனை வாசல் மூடியது. 1858இல் லினியஸ் ட்ரைப் என்ற கும்பினிப் படை அதிகாரி பெரிய கேமராவோடு வந்து பெரிய கோயிலைப் புகைப்படம் எடுத்தார். அதன்பின் துரைமார் ஊருக்குக் கொண்டுபோகப் புகைப்படமே போதுமானதாக இருந்தது. ஓவியர் குடும்பங்கள் சுவாமி படத்துக்கே திரும்பின. தங்க ரேக் திரும்ப வந்தது. நீலக் கீற்று போய்விட்டது.

கட்டுமரமும் ஏறக்குறையப் போய்விட்டது. கண்ணாடியிழைப் படகு முன்பே வரத் தொடங்கியிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கரையில் கிடந்த மரங்களையும் அடித்து நொறுக்கியது. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். வேகமாகப் போகலாம், மோட்டார் மாட்டலாம். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, கடலுக்குப் போகிறவர் நான் இல்லை. ஆனால் எத்தனை மரம், எங்கே கட்டு, எந்தப் பருவத்துக்கு எந்த மரம் என்று கை அறிந்து சொல்லக்கூடியவர்கள் இன்று முதியவர்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள தென்னாட்டுக் கும்பினி ஓவியங்களில் பலவற்றை இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. இத்தகைய ஏடுகளின் விவரக்குறிப்பில் பெரும்பாலும் மீனவர், மனைவி, வலை என்ற அளவில்தான் இருக்கும். அது எந்த வலை, எந்த மீனுக்கு, கூடையில் கிடப்பது என்ன மீன் என்பது கீச்சாங்குப்பத்திலும் அக்கரைப்பேட்டையிலும் தரங்கம்பாடியிலும் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் வரலாற்றுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அந்தத் துறை மாணவர்கள் இந்தப் படங்களைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு அந்த வாசல்களுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு படத்தையும் பெரியவர்கள் கையில் கொடுத்து, சொல்வதைச் சொல்கிறபடியே எழுதிக்கொண்டு வர வேண்டும். அடுத்த கோலாப் பருவத்துக்கு முன்பே தொடங்கினால் நல்லது.